பாட்டன் எங்கே பிறந்தார்?

பாடம்: நாட்டுப்பற்றும் சம உரிமையும்



போன மாதம் ஒரு சனிக்கிழமை மேல் டிவிசனிலிருந்து ஒரு பாட்டியும் பேத்தியும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பேத்தி சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவள். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பாட்டியின் மடியிலே ஒரு பழைய பிஸ்கட் டின். அதைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். அது அவருடைய அப்பா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது.

"பாட்டி, இது இப்ப வேண்டியதில்லை. பேத்தியோட பிறப்புப் பத்திரம் இருந்தா போதும்" என்றேன்.

"வேண்டியதில்லைன்னுதான் மொதல்ல சொல்லுவாங்க சேர். அப்புறமா கேப்பாங்க. எங்கப்பா இந்தத் துண்டுக்கு எத்தனை வருஷம் நடந்தாருன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

பேத்தி கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "சேர், எல்லாரும் சட்டத்துக்கு முன்னால சமம்னு எங்க குடியியல் புத்தகத்தில போட்டிருக்கு. அப்படீன்னா பாட்டி ஏன் இன்னும் பயப்படுறாங்க?"

அன்றைக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் இருபது வருஷமாகத் தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறவன். பத்திரம் இல்லாதவன் படுகிற பாட்டை நேரில் கண்டவன்.

நாட்டை நேசிப்பது வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிறந்த மண்ணை நேசிப்பது நல்ல குணம். இலங்கை கிரிக்கெட் அணி 1996இல் உலகக் கிண்ணத்தை வென்றபோது நம்ம லயங்களிலும் பட்டாசு வெடித்தது. யாரும் சொல்லிக் கொடுத்து வெடிக்கவில்லை.

தேசியவாதம் என்பது, ஒரு நாட்டு மக்கள் தங்களை ஒரு கூட்டமாக நினைத்து, தங்கள் நாட்டைத் தாங்களே ஆள வேண்டும் என்று எழும்புவது. வெள்ளைக்காரர் ஆட்சி போனதற்கு அந்த உணர்வும் ஒரு காரணம். அதில் பிழை இல்லை. பிழை எங்கே வருகிறது? "இந்தக் கூட்டத்தில் யார் யார் சேர்த்தி?" என்று கணக்குப் பார்க்கும்போது வருகிறது. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே வம்சம் உள்ளவர்கள்தான் நாட்டுக்குச் சொந்தக்காரர், மற்றவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள் என்று கணக்குப் போட்டால், அதே நாட்டுப்பற்று பக்கத்து வீட்டுக்காரனை வெளியே தள்ளுகிற கருவியாகிவிடும். இது எப்படி நடக்கும் என்பதற்குப் புத்தகத்தில் தேட வேண்டாம். நம்ம சொந்தக் கதையே போதும்.

ஏழு ஆசனங்கள்

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் இலங்கையில் வயது வந்தோருக்கெல்லாம் வாக்குரிமை தந்தது. தோட்டத்து மக்களுக்கு மட்டும் இந்த நாட்டில் நிலையாகக் குடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அப்படியும் பல்லாயிரம் பேர் வாக்காளர் இடாப்பில் சேர்ந்தார்கள்.

1947இல் பாராளுமன்றத்துக்கு முதலாவது தேர்தல். 95 ஆசனங்களில் 7 ஆசனங்களை இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான். நம்ம திம்புள்ளப் பக்கத்துத் தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை. இவர் பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், எழுத்தாளர். கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அலுத்நுவர ஆகியவை மற்ற ஐந்து. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போயின.

அப்போது நம்ம மக்கள் தொகை எவ்வளவு தெரியுமா? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 780,589 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர்.

அடுத்த வருஷம் பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 15ஆம் திகதி பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கேட்ட கேள்வி

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்துப் பாருங்கள். அதில் தமிழர் என்றோ, இந்தியர் என்றோ, தோட்டத் தொழிலாளர் என்றோ யாரையும் பிரித்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இப்போது அதை லயத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

பாட்டன் எங்கே பிறந்தார் என்று எதைக் காட்டுவது? அந்தக் காலத்துப் பிறப்புகளில் எத்தனையோ பதியப்படவில்லை. தோட்டத்துப் புத்தகத்தில் "ராமன்" என்று இருக்கும், செக்ரோலில் "ராமசாமி" என்று இருக்கும். கங்காணி சொன்ன பெயரைக் கணக்கப்பிள்ளை தனக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருப்பார். வயது உத்தேசம். ஊர் உத்தேசம். ஒரே மனுசனுக்கு மூன்று பெயர். தோட்டம் மாறிப் போனால் பழைய புத்தகத்தைத் தேடிப் பிடிக்கவே முடியாது.

கிராமத்துச் சிங்கள விவசாயிகள் பலரிடமும் பாட்டனுடைய பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பேசுகிற மொழியும் அவர் பெயருமே பத்திரமாகிவிட்டது. நம்மிடம் மட்டும் கேட்டார்கள். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: ஒரு சட்டம் எல்லோருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்கிறதா என்று பார்ப்பது போதாது. அந்த வார்த்தை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

தாய்மார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் தாய் இல்லை. இதே மலையில் பிறந்து, இதே மலையில் நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த தாய் கணக்கிலே சேரவில்லை. தகப்பன் வழி மட்டும்தான். இது பொதுவாகவே நாட்டின் சட்டமாக இருந்து, 2003இல்தான் திருத்தப்பட்டு, தாய் வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்க வழி வந்தது.

அடுத்து 1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் 1946 ஜனவரிக்கு முன்பிருந்தே தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டி, இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்றது தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜையாக இல்லாதவருக்கு வாக்கு இல்லை. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லி, பிறகு கடைசி நேரத்தில் விண்ணப்பியுங்கள் என்றது. அந்தத் தாமதத்தையும் நாம் மறைக்கக் கூடாது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கடைசியில் கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. இடையில் ஒரு தடவை ஊரைப் பார்க்க இந்தியா போய் வந்தவருக்கும், குடும்பத்துக்குக் காசு அனுப்பியவருக்கும் அதுவே பாதகமானது.

1947இல் ஏழு ஆசனம் வென்ற மக்களுக்கு 1952 தேர்தலில் ஓர் ஆசனமும் இல்லை. அந்த வருஷம் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. பலன் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

அப்போதைய சோல்பரி அரசியல் திட்டத்தில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் போடுகிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தது. சிறுபான்மையினருக்கென்றே வைத்த பாதுகாப்பு அது.

கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டு வழக்காடினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1953இல் தீர்ப்பு வந்தது. தன் நாட்டுப் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான வேலை, இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வார்த்தையை நீதிபதிகள் பார்த்தார்கள். லயத்தில் என்ன நடந்தது என்பது அந்தத் தீர்ப்பில் பெரிதாக எடைபோடப்படவில்லை. 29ஆம் பிரிவும் 1972 அரசியல் திட்டத்தோடு இல்லாமல் போனது.

எல்லோரும் எதிராக நின்றார்கள் என்று நினைக்க வேண்டாம். என். எம். பெரேரா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரித் தலைவர்கள் பாராளுமன்றத்தில் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். எஸ். ஜே. வி. செல்வநாயகம் இதை முன்னிட்டே தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதே தமிழ்க் காங்கிரஸில் அமைச்சராக இருந்தவர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். ஆகவே, நல்லவர் கெட்டவர் என்று இனத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொரு தேதியையும் குறித்து வையுங்கள். 1948 டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் 15ஆம் உறுப்புரை, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது. நம்ம சட்டம் நடைமுறைக்கு வந்து 25 நாள்தான் ஆகியிருந்தது.

கண்டிக் கிராமத்தார் பயந்தது எதற்கு?

நம்ம வேதனையைச் சொல்லும்போது பக்கத்துக் கிராமத்தாரின் வேதனையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது.

1840இல் வெள்ளைக்காரர் ஒரு சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரிய காணி என்றார்கள். கண்டி நாட்டு விவசாயிகள் பரம்பரையாக ஆடுமாடு மேய்த்த, சேனை செய்த காடுகள் அப்படித்தான் கை மாறின. அதில் கோப்பித் தோட்டம் வந்தது. 1869க்குப் பிறகு கோப்பிச் செடிக்கு நோய் வந்து அழிய, தேயிலை வந்தது. காணியை இழந்தவர் கீழே கிராமத்தில் நெருக்கடிப்பட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் தெரிந்தது லண்டன் கம்பெனி அல்ல. மலையில் கூடையோடு நின்ற நம்ம பாட்டிதான் தெரிந்தாள். நம்ம பாட்டிக்கோ சொந்தமாக ஒரு அடி நிலம்கூடக் கிடையாது.

கவனித்தீர்களா? அவரிடம் உறுதிப் பத்திரம் கேட்டுக் காணியை எடுத்தார்கள். நம்மிடம் பிறப்புப் பத்திரம் கேட்டு வாக்கை எடுத்தார்கள். ஏழை காட்ட முடியாத கடதாசியைக் கேட்பது பழைய தந்திரம். ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிப் புரிய வைத்திருந்தால் பல கலவரங்கள் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டு அரசாங்கம் போட்ட கணக்கு

1964 அக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தைப் பாதி பாதியாக, 75,000 வீதம் பிரித்தார்கள்.

எண்ணிக்கை முதலில் வந்தது. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள். விண்ணப்பம் கோரியபோது, இலங்கையில் இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். அதனால் விரும்பாதவர்களும் போக வேண்டி வந்தது. 1973-74 காலத்தில் தோட்டங்களில் பட்டினி. 1977இலும் 1983இலும் வன்செயல். இவையெல்லாம் பலரைக் கப்பலேற்றின.

தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் கோச்சி மேடைகளில் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் தலைமன்னார் போய், இராமேஸ்வரம் கப்பல் ஏறியது. தாத்தாவுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களை அங்கே "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே நம்மை "இந்தியாக்காரர்" என்றார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றபோது, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் போயிருந்தார்கள். கடவுச்சீட்டு கையில் வாங்கியும் போக முடியாமல் நின்றவர்களும் உண்டு.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது

1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். 1947க்குப் பிறகு நம்ம மக்களின் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் போக முப்பது வருஷம் எடுத்தது.

1978 அரசியல் திட்டம் வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கியது. 1986இல் மேலும் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தர இலங்கை ஒத்துக்கொண்டது. 1988இல் வந்த சட்டம் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத நாடற்றவர் எல்லோருக்கும் வழி செய்தது. கடைசியாக 2003 அக்டோபர் 7ஆம் திகதி பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக இருப்பவரும் அவர்கள் பிள்ளைகளும், இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிப் போகாமல் இருந்தவர்களும் பிரஜையாகலாம். அதையொட்டி நடந்த நடமாடும் சேவையில் பத்து நாளுக்குள் 190,000 பேர் வரையில் பிரஜாவுரிமை பெற்றார்கள். 1948இலிருந்து 2003 வரை எண்ணினால் 55 வருஷம்.

யுத்த காலத்தில் தமிழ்நாட்டு அகதி முகாம்களுக்குப் போன மலையக மக்களில் சிலருக்கு இந்தப் பிரச்சினை இன்னும் முற்றாகத் தீரவில்லை.

நம்ம அரசியல் திட்டத்தின் 12ஆம் உறுப்புரையைப் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். முதல் பந்தி, எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இரண்டாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் காரணமாக எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. முதலில் "ஆட்கள்", பிறகு "பிரஜை". அந்த ஒரு சொல்லில்தான் பாட்டியின் பிஸ்கட் டின் இருக்கிறது. நாடற்றவராக இருந்தவருக்கு அந்த இரண்டாவது பந்தி எட்டாத மரத்துக் காய். பாட்டி ஏன் பயப்படுகிறார் என்று கேட்ட பிள்ளைக்கு இதுதான் என் பதில், மகள்.

எனக்கு நடந்த ஒன்று

பதினாறு வயதில் நானும் ஒரு சிங்கள நண்பனும் ஒரே நாளில் ஓர் அலுவலகத்துக்கு அடையாள அட்டை விஷயமாகப் போனோம். பசார்க் கடைக்காரர் மகன் அவன். இரண்டு பேரிடமும் ஒரே விண்ணப்பம், ஒரே பிறப்புப் பத்திரம். அவனுடையதை வாங்கிக் கொண்டார்கள். என்னிடம், "அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே?" என்றார்கள். 1988 சட்டம் வந்து பல வருஷம் ஆகியும் அப்படித்தான் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

நண்பன் திரும்பி உள்ளே போனான். "என்னிடம் கேட்கவில்லையே, இவனிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் சத்தமாகக் கேட்டான். கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு என் விண்ணப்பத்தையும் எடுத்துக் கொண்டார்கள். "மச்சான், பேசாம இருந்தா நாளைக்கு உன் பிள்ளைக்கும் கேப்பாங்க" என்று வெளியே வந்து சொன்னான். சம உரிமை என்றால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கினது அன்றைக்குத்தான்.

இன்னும் மிச்சம் உள்ளது

பிரஜாவுரிமை வந்தவுடன் எல்லாம் சமமாகிவிடவில்லை. ஓர் உதாரணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நாமும் வாக்குப் போட்டோம். ஆனால் தோட்டக் காணிக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. கிராமத்து ரோட்டுக்குத் தார் வந்தது. லயத்து ரோட்டுக்கு வரவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மறுபடியும் அதே பாடம்: சொல் ஒன்று, விழுகிற இடம் வேறு. வீட்டுக் காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம்.

2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர் 839,504 பேர். நூற்றுக்கு நாலு பேர்தான். நம்மில் சிலர் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதும் உண்டு. 2023இல், நம்ம முன்னோர் வந்து 200 வருஷம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் நடந்தது. சிங்கள, முஸ்லிம் மக்களும் கூட நடந்தார்கள்.

பிற நாடுகளையும் பாருங்கள். பர்மாவில் 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே அங்கே இருந்த இனத்தாரா என்று கேட்டது. ரொகிங்கியா முஸ்லிம் மக்கள் அதனால் நாடற்றவர் ஆனார்கள். அங்கேயும் பாட்டன் எங்கே பிறந்தார் என்ற கேள்விதான்.

நம்ம வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

"தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்று நம்மைச் சொன்னபோது வலித்தது. அந்தச் சொல் சிங்களவர் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. தமிழர் வாயிலிருந்தும் வந்தது. சரி. நாம் யாரையும் அப்படிச் சொல்வதில்லையா? மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று சாதி பார்த்துக் கோயில் திருவிழாவில் யாரையாவது தள்ளி நிறுத்துவதில்லையா? நம்ம டிவிசனில் இரண்டு மூன்று சிங்களக் குடும்பம், ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கும். அங்கே அவர்கள்தான் சிறுபான்மை. மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுகிறோமா? நாட்டிடம் நாம் கேட்பதை, நம்ம லயத்தில் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பிறப்பைப் பதியுங்கள். பெயர், எழுத்து, தகப்பன் தாய் பெயர் எல்லாம் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிழையைப் பிறகு திருத்துவது வருஷக் கணக்கு.

2. பதியாமல் விட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம். காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு. பிரதேச செயலகத்துக்குப் போகுமுன் என்னிடம் வாருங்கள்.

3. 15 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளை மறக்க வேண்டாம்.

4. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெயரையும் பாருங்கள்.

5. அரச அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதும் உரிமை நமக்கு உண்டு. சிங்களத்தில் வந்த கடிதத்துக்கு விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

6. பாரபட்சம் நடந்தால் திகதி, இடம், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

7. பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டத்து டிக்கட்டு எதையும் எரிக்க வேண்டாம். பிரதி எடுத்து வையுங்கள். அது நம்ம சரித்திரம்.

வாசகர் வட்டத்தில் பேச

• 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அப்படியிருந்தும் அது ஏன் நம்மை மட்டும் பாதித்தது?

• காணி இழந்த கண்டி விவசாயிக்கும் வாக்கு இழந்த தோட்டத் தொழிலாளிக்கும் இடையில் என்ன ஒற்றுமை?

• இன்றைக்கு "எல்லோருக்கும் ஒன்று" என்று சொல்லப்பட்டு, நம்ம தோட்டத்தில் ஒரு பகுதியினரை மட்டும் பாதிக்கிற விதி ஏதாவது உண்டா? தோட்டத்து விதி, கோயில் விதி, சங்கத்து விதி எதுவானாலும் சொல்லுங்கள்.

• உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எப்போது பிரஜாவுரிமை கிடைத்தது, யார் யார் இந்தியா போனார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

அந்தப் பேத்திக்கு அடையாள அட்டை விண்ணப்பம் போயிருக்கிறது. பாட்டியின் காகிதத்தை நாங்கள் சேர்த்து அனுப்பவில்லை. ஒரு பிரதி மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூலத்தைப் பாட்டி மறுபடியும் நாலாக மடித்து டின்னுக்குள் வைத்து, மூடியை இறுக்கிக் கொண்டு போனார். அட்டை வந்தவுடன் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேமநல உத்தியோகத்தர்,
திம்புள்ள